தூய கரங்களை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர்

சித்தூர், திருப்பதி, வேலூர் ஆகிய மூன்று ஊர்களும் 1911 வரை வட ஆற்காடு என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தன. அதன் தலைநகரம் சித்தூர். அம்மாவட்டத்தின் ராணிப்பேட்டையில் 1870 டிசம்பர் 9 அன்று மருத்துவர் ஒருவரின் மகளாகப் பிறந்தார் ஐடா ஸ்கடர். அவருடைய பாட்டனார் 1819-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்த மருத்துவர். ஆயினும் குலத்தொழிலில் ஐடாவுக்கு நாட்டமில்லை. அமெரிக்காவிலேயே வாழ விரும்பிய அவர், நோயுற்ற தாய்க்குத் துணையாகச் சில காலம் இருப்பதற்கென்றே 1890-இல் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவு. பிரசவ வேதனையில் துடிக்கும் தம் இளம் மனைவியைக் காக்க வேண்டி ஒருவர் பின் ஒருவராக மூவர் அவரை நாடி வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் ஓர் இந்து. ஐடாவோ மருத்துவம் கற்காதவர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். அந்நிய ஆடவர் தம் இல்லத்துப் பெண்ணைத் தொடுவதற்கு மூவருமே இசையவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர் என்ற செய்தி காலையில் வந்தது. ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் வந்து சேர்ந்தார்.

அவர் கற்று வந்த மருத்துவத்தில் புதியதொரு பாடம் இருந்தது. வியன்னா மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார் காய்ச்சலால் மடிந்துகொண்டிருந்தனர். மருத்துவச்சிகள் பயின்ற பிரிவைவிட மருத்துவ மாணவர்கள் பயின்ற பிரிவிலேயே மரணம் மிகுதி. பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு அம்மாணவர்கள் பிரசவம் பார்க்கச் சென்றதே காரணம் என்று கண்டார் செம்மல்வைஸ். 1847-இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவும்படி அவர் கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம் ஜூனில் ஏறத்தாழ இரண்டாகக் குறைந்தது. நம் நாட்டு மருத்துவச்சியரை மட்டும் குறைகூறுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு அனுபவம் இருந்தது, பரிவும் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றிய அறிவுதான் இல்லை. கற்றவரின் கையானாலும் கழுவாத கை ஒரு வீட்டின் நஞ்சை மறு வீட்டுக்குச் சுமந்து செல்லும்.

வேலூரில் ஐடாவுக்கு முதலில் உதவியவர், வீட்டு வேலை செய்துவந்த சலோமி என்ற பெண். முதல் இரண்டு ஆண்டுகளில் வந்த நோயாளிகள் சுமார் 5,000 பேர். 1902-இல் நாற்பது படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது. தம் இரு கைகள் மட்டும் எத்தனை பேருக்குப் போதும்? நோயாளியின் இரத்தத்தையும் சீழையும் தொடுவது இழிவெனக் கருதப்பட்ட காலம் அது. அந்நாளில் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கியது. நகத்தை ஒட்ட வெட்டுதல், முழங்கைவரை சோப்பும் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவுதல், கருவிகளைக் கொதிநீரில் இடுதல் ஆகியவை அக்காலச் செவிலியர் பயிற்சியின் அரிச்சுவடி. ரப்பர் கையுறை இன்னும் பரவலாகாத நாட்களில் கழுவிய கையே நோயாளிக்குக் காப்பு. குடியாத்தம் சாலையில் மரநிழலில் நடந்த சாலையோர மருத்துவப் பணியும் அதே ஆண்டில்தான் தொடங்கியது.

அடுத்தது பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. போதிய மாணவியர் சேர்வார்களா என்று அரசு மருத்துவத் துறையின் தலைவரே ஐயுற்றார். 1918-இல் விண்ணப்பித்தவர்களோ 151 பேர்! முதல் அணியில் 14 பேர் 1922-இல் தேர்ச்சி பெற்று வெளிவந்தனர். திண்டிவனத்தில் அன்றிரவு தேவைப்பட்டது இத்தகைய ஒரு பெண் மருத்துவரே.

1947 முதல் ஆடவரும் அக்கல்லூரியில் சேர்க்கப்பட்டனர். 1960 மே 24 அன்று கொடைக்கானலில் தம் 89-ஆம் வயதில் ஐடா மறைந்தார். மாவட்டமும் மாநிலமும் பிரிந்தபின்னும் சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் நோயாளிகள் வேலூருக்கு வந்தவண்ணம் உள்ளனர். சித்தூரிலேயே இப்போது அந்த மருத்துவமனைக்கு ஒரு வளாகம் இருக்கிறது.