ராணியின் உயிரைக் குடித்த கடிதம்

ஸ்காட்லாந்து ராணி மேரி, 1542-ம் ஆண்டு டிசம்பர் 8-ந்தேதி பிறந்தாள். ஆறாம் நாள் தந்தை இறந்தார். தொட்டில் குழந்தை ராணி ஆனாள்!

ஐந்து வயதில் அவளைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். 1558-ல் அந்நாட்டு இளவரசனுக்கு மணம் முடித்தார்கள். மறு ஆண்டே அவன் அரசன் ஆனான். 1560-ல் இறந்து போனான். 18 வயது நிரம்ப மூன்று நாள் இருக்கும்போது மேரி விதவை ஆனாள்.

அடுத்த ஆண்டு தாய்நாடு திரும்பினாள். 1565-ல் மறுமணம் செய்து கொண்டாள். இரண்டாவது கணவன் 1567-ல் கொலை செய்யப்பட்டான். கொலையாளி என்று ஊரே சந்தேகப்பட்டவனை மேரி மணந்தாள். பிரபுக்கள் பொங்கி எழுந்தார்கள். அவளைச் சிறை வைத்து, முடியைப் பறித்தார்கள்.

1568-ல் தப்பி, இங்கிலாந்துக்கு ஓடினாள். அந்நாட்டு ராணி எலிசபெத் அவளுக்கு உறவு. ஆனால், தன் சிம்மாசனத்துக்கு உரிமை கோரக்கூடியவளை எலிசபெத் எப்படி வெளியே விடுவாள்? மேரி மீண்டும் காவலில் வைக்கப்பட்டாள். சுமார் 19 ஆண்டுகள்!

சங்கேத எழுத்து

மேரிக்கு வெளியுலகத் தொடர்பு கடிதம் ஒன்றுதான். அதைச் சங்கேதக் குறிகளில் எழுதினாள். ஓர் எழுத்துக்கு ஒரு குறி. சில சொற்களுக்குத் தனிக் குறி. பார்ப்பவர்களுக்கு வெறும் கிறுக்கல் போல இருக்கும்.

1586-ல் கிப்போர்டு என்ற வாலிபன் புது வழி ஒன்றைக் கொண்டு வந்தான். மாளிகைக்கு வரும் பீர் பீப்பாய்க்குள் கடிதத்தை ஒளித்து வைப்பது! பல மாதமாகக் கடிதமே காணாத மேரி மகிழ்ந்தாள்.

அந்த வாலிபன் யார்? எலிசபெத்தின் மந்திரி வால்சிங்காமின் ஒற்றன்! ஒவ்வொரு கடிதமும் முதலில் மந்திரியின் ஆட்களிடம் போயிற்று. பெலிப்ஸ் என்ற நிபுணன் படித்துப் பிரதி எடுத்தான். எந்தக் குறி அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பார்த்தே இத்தகைய எழுத்தை உடைத்து விடலாம். பிறகு இன்னொருவன் முத்திரையைப் பழையபடி ஒட்டினான். பிரித்த அடையாளமே தெரியவில்லை.

கூடுதலாக ஒரு வேண்டுகோள்

ஜூலை மாதம், பேபிங்டன் என்ற இளைஞன் மேரிக்கு எழுதினான். எலிசபெத்தைக் கொன்று, மேரியை விடுவிப்பது அவன் திட்டம். ஆறு பேர் தயார் என்றான். மேரி 17-ந்தேதி பதில் எழுதினாள். திட்டத்துக்கு இணங்கினாள்.

பதிலின் முடிவில், மேரி எழுதியதுபோலவே பெலிப்ஸ் ஒரு வேண்டுகோளைச் சேர்த்தான். அந்த ஆறு பேரின் பெயர்களைக் கேட்கும் வேண்டுகோள் அது!

பெயர்கள் வருமுன்பே பேபிங்டன் ஓடினான், பிடிபட்டான். செப்டம்பரில் அவனும் தோழர்களும் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் மேரி மீது விசாரணை நடந்தது. அவளுடைய கடிதமே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. 1587 பிப்ரவரி 8-ந்தேதி அவள் தலை துண்டிக்கப்பட்டது. வயது 44.

மேரி வேறு சில கடிதங்களும் எழுதியிருந்தாள். 50-க்கு மேற்பட்டவை பாரிசு தேசிய நூலகத்தில் கிடந்தன. 2023-ல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டர் உதவியுடன் அவற்றையும் படித்து விட்டார்கள்!

நமக்கு என்ன பாடம்?

மேரியிடம் பூட்டு இருந்தது. பூட்டை நம்பினாள், தூது வந்தவனைச் சோதிக்கவில்லை.

இன்று நம் கடிதப்பெட்டி செல்போன். அதற்குக் கடவுச்சொல் போடுகிறோம். நல்லதுதான். ஆனால், பிறந்த தேதியைப் போட்டால் யாரும் ஊகித்து விடுவார்கள். ஒரே சொல்லை எல்லாக் கணக்குக்கும் போட்டால், ஒன்று போனால் எல்லாம் போகும்.

வங்கியிலிருந்து என்று ஒருவர் பேசி, ஓ.டி.பி. எண்ணைக் கேட்கலாம். அது பெலிப்ஸ் சேர்த்த வேண்டுகோள் போன்றது! பேர் நம் வங்கியின் பேராக இருக்கும். கை வேறு கையாக இருக்கும். உடனே போனை வையுங்கள். வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணில் நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதை இன்றே சொல்லி வையுங்கள். கதவைப் பூட்டுவது பாதிக் காவல். தட்டுவது யார் என்று கேட்டுத் திறப்பது மீதிக் காவல்.