லாக்கருக்கு இரண்டு சாவி: ஜூல்ஸ் போர்டே

கக்குவான் இருமல் கிருமிக்கு அறிவியலில் போர்டெடெல்லா என்று பெயர். 1906-ல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டிய இருவரில் ஒருவர் டாக்டர் ஜூல்ஸ் போர்டே. அவர் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். கொரோனாவில் சிலருக்கு மட்டும் நுரையீரல் ஏன் அவ்வளவு மோசமானது என்பதற்கும் அவருடைய வேறொரு கண்டுபிடிப்பு ஓரளவு விடை தருகிறது.

பெல்ஜியத்தில் 1870-ல் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1892-ல் டாக்டர் பட்டம் வாங்கி, 1894-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மெச்னிகாஃபிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். காலரா தடுப்பூசி போட்ட பிராணியின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் காலரா கிருமியைக் கொல்லும். அதைச் சுமார் 55 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்தச் சக்தி போய்விடும். ஊசியே போடாத பிராணியின் புதிய சீரம் கொஞ்சம் சேர்த்ததும் சக்தி திரும்பியது. இதை 1895-ல் போர்டே கண்டார்.

வங்கி லாக்கர் நமக்குத் தெரியும். வாடிக்கையாளர் சாவி அந்த ஒரு லாக்கருக்கு மட்டும். வங்கியின் சாவி எல்லா லாக்கருக்கும் பொது. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். அதுபோல, நோய்க்கு நோய் வேறாக உண்டாவது ஆன்டிபாடி. எல்லோர் ரத்தத்திலும் எப்போதும் இருப்பது, சூட்டில் கெடுவது, இன்னொன்று. அதற்குப் பின்னர் பால் எர்லிக் 'காம்ப்ளிமென்ட்' என்று பெயர் வைத்தார்.

முதல் உலகப்போரில் பிரஸ்ஸல்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. ஆய்வு செய்ய முடியாத அந்த நாட்களில் நோய் எதிர்ப்பைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். 1919-ம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1961-ல் 90 வயதில் காலமானார்.

காம்ப்ளிமென்ட் என்பது 30-க்கும் மேற்பட்ட புரதங்களின் கூட்டம் என்று இன்று தெரிகிறது. ஒன்று அடுத்ததை எழுப்பும். தீவிர கொரோனாவிலும் சில கடுமையான ஃப்ளூ காய்ச்சலிலும் இது அளவு மீறிப்போகிறது. வெள்ளை அணுக்கள் நுரையீரலில் குவிகின்றன, காற்றறைகளில் நீர் கசிகிறது, நுண்குழாய்களில் ரத்தம் உறைகிறது. காவலுக்கு வைத்த ஆளே வீட்டை உடைத்த கதைதான். இந்தக் கூட்டத்தில் 'சி5ஏ' என்ற ஒன்றைத் தடுக்கும் விலோபெலிமாப் மருந்துக்கு 2023 ஏப்ரலில் அமெரிக்கா அவசர அனுமதி தந்தது. அதுவும் மிகத் தீவிர நிலை நோயாளிகளுக்கு மட்டுமே.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. எதிர்ப்புச் சக்தியை எப்போது வளர விடுவது, எப்போது அடக்குவது என்பது மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. காய்ச்சல் வந்ததும் நாமே கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. குரங்கணிப் பக்கம் ஏற்றத்தில் யாருக்கும் மூச்சு வாங்கும். ஆனால் காய்ச்சல் கண்டு ஐந்தாறு நாளில், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே போடிக்கு இறங்கி ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.