பட்டம் பெறாத பொறியாளர்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்தச் சுரைக்காய் நான்தான் என்று எனக்குப் புரிந்த இடம் தேக்கா.

கடந்த தீபாவளிக்கு முந்தைய வாரம் பெரியம்மா வீட்டுக் கிரைண்டர் நின்றுபோனது. மின்பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மகன் வீட்டில் இருக்கக் கவலை எதற்கு என்று என்னை அழைத்தார். மோட்டாரின் முறுக்குவிசையைத் தாளில் கணக்கிட எனக்குத் தெரியும். ஆனால் அந்த மூடியை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. கடைசியில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மின்சாதனக் கடைக்குத் தூக்கிச் சென்றோம். அங்கிருந்த முதியவர் பத்தே நிமிடத்தில் தேய்ந்த பெல்ட்டை மாற்றிக் கொடுத்தார். எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் ஐயா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, தாம் கோயம்புத்தூர்க்காரர் என்றும், ஜி.டி. நாயுடு பிறந்த மண்ணில் கை பேசும் என்றும் சொன்னார். அந்தப் பெயரைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. இளைஞராக இருந்தபோது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் அந்த வண்டி அவரைத் தூங்கவிடவில்லை. கோயம்புத்தூருக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். காசு சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றினாரா? இல்லை. அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டு, மீண்டும் பூட்டினார். அதுவே அவருடைய பல்கலைக்கழகம்.

1920இல் ஒரே ஒரு பேருந்தோடு தொழிலில் இறங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்துதான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸ் மூலம் மின்மோட்டார் ஒன்றை உருவாக்கினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என அது போற்றப்படுகிறது. பின்னாளில் மோட்டார்களுக்கும் பம்புகளுக்கும் பெயர்பெற்ற நகரமாகக் கோயம்புத்தூர் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு விதை. பெரியம்மாவின் கிரைண்டர் நாயுடுவின் கண்டுபிடிப்பு அன்று. ஆனாலும் அது அதே மண்ணில் முளைத்த பயிர்தான்.

அவர் கைபட்ட பொருள்களின் பட்டியல் நீளமானது. உலர் மின்கலத்தில் இயங்கும் ‘ரேசன்ட்’ சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் என அது நீள்கிறது. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941இல் அறிவித்தார். 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய்தான். எல்லாவற்றிலும் ஒரே நோக்கம் தெரிகிறது: சாதாரண மனிதனின் கைக்கு எட்டும் விலை.

ஆனால் அந்தக் கார் சாலைக்கு வரவில்லை. தயாரிப்புக்கு அரசு உரிமம் கிடைக்காததால் திட்டம் நின்றது. எந்தப் பொருளை யார் எவ்வளவு செய்யலாம் என்பதை உரிமங்கள் தீர்மானித்த காலம் அது. வரிச்சுமையிலும் கட்டுப்பாடுகளிலும் வெறுப்புற்ற நாயுடு, தாம் செய்த பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தே எதிர்ப்பைக் காட்டினார். அதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. ஆக்கிய கையே அழிக்க வேண்டுமா? கோபம் நியாயமானதே. ஆயினும் உடைந்த பொருள்களைக் கொண்டு எந்த மாணவனும் எதையும் கற்றிருக்க முடியாதே என்றும் தோன்றியது.

எம் போன்ற மாணவர்கள் உற்று நோக்க வேண்டிய பகுதி கல்வி பற்றியது. 1945இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் அமையக் காரணமாக இருந்தவர் நாயுடு. அதன் முதல்வராகவும் பணியாற்றினார். பட்டறையில் கைபழகினால் குறுகிய காலத்தில் பொறியாளரை உருவாக்கலாம், நான்கு ஆண்டுகள் வீண் என்பது அவர் வாதம். அரசு உடன்படவில்லை; அவர் பதவி விலகினார். அக்கல்லூரியே இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக நின்று, அவர் வேண்டாமென்ற நான்காண்டுப் பட்டத்தை வழங்கி வருகிறது!

யார் சரி? நான்கு ஆண்டுகளை ஏறக்குறைய முடித்துவிட்ட எனக்கு நாயுடுவை முழுமையாக ஏற்க மனமில்லை. கணிதமும் கோட்பாடும் இல்லாமல் இன்றைய சில்லுகளையும் மின்கார்களையும் உருவாக்க இயலாது. ஆனால் தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்த நாள் முதல் பல்கலைக்கழகத் தேர்வு வரை, ஒரு பொருளைப் பிரித்துப் பார் என்று எத்தனை பேர் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள்? கெடுத்துவிடுவாய், தொடாதே என்பதுதான் நாம் அதிகம் கேட்ட பாடம்.

நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார். இந்தியாவின் எடிசன் என்று அவரைப் புகழ்கிறோம். 2025 அக்டோபரில் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாலத்துக்குப் பெயர் வைப்பது எளிது. அவரைப் போல் ஒரு வண்டியைப் பிரித்துப் பூட்டுவதே கடினம்.

சென்ற மாதம் பெரியம்மாவின் கிரைண்டர் மீண்டும் முரண்டு பிடித்தது. இம்முறை தேக்காவுக்குத் தூக்கிச் செல்லவில்லை. மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, மூடியை நானே திறந்தேன். பூட்டி முடித்தபோது ஒரு திருகாணி மீந்துவிட்டது. கிரைண்டர் ஓடுகிறது, ஆனாலும் அந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும்வரை எனக்குத் தூக்கமில்லை. இந்த வார இறுதியில் மீண்டும் பிரிக்கப் போகிறேன்.