தங்கத்தின் கலப்படத்தைத் தண்ணீரால் அறிந்த அல்பிரூனி

ஒரு தங்கக் கட்டியில் செம்பு கலந்திருக்கிறதா என்பதை உருக்காமல், வெட்டாமல் அறிய முடியுமா? முடியும் என்று ஆர்க்கிமிடீஸ் காலத்திலிருந்தே பேசப்பட்டு வந்தது. ஆனால் முடியும் என்று சொல்வது வேறு. எந்த உலோகம் எவ்வளவு தண்ணீரை வெளியேற்றுகிறது என்று ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்து எழுதி வைப்பது வேறு. முஸ்லிம் அறிஞர்களில் பலர் இதில் முயன்றிருக்கிறார்கள். அவர்களில் மிகத் துல்லியமான அளவுகளைத் தந்தவர் அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மத் அல்பிரூனி.

ஹிஜ்ரி 362-இல் (கி.பி. 973) குவாரிஸ்ம் நாட்டின் தலைநகரான காத் நகரின் புறப்பகுதியில் அவர் பிறந்தார். இன்று அந்த இடம் உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித மேதை அபூ நஸ்ர் மன்சூர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். பதினேழு வயதிலேயே சூரியனின் உயரத்தை அளந்து தன் ஊரின் அட்சரேகையைக் கணக்கிட்டார். 995-இல் ஆட்சி கவிழ்ந்தபோது ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. சில ஆண்டுகள் அலைந்து, ஜுர்ஜான் மன்னரின் ஆதரவில் இருந்துவிட்டு மீண்டும் குவாரிஸ்முக்குத் திரும்பினார். அப்போது தலைநகராக இருந்த ஜுர்ஜானிய்யாவில்தான், ஜைஹூன் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டு, உலோகங்களையும் ரத்தினங்களையும் அளக்கும் வேலை நடந்தது. எந்த ஆற்றுத் தண்ணீர், எந்தப் பருவம் என்பது வரை குறித்து வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் தண்ணீருக்குத் தண்ணீர் கனம் மாறும். சூடான நீர், குளிர்ந்த நீர், உப்பு நீர், நல்ல நீர் எல்லாவற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் தனியாகவே ஆராய்ந்தார்.

அதற்காக அவர் செய்த பாத்திரம் கூம்பு வடிவமானது. அடி அகலம், கழுத்து மிகக் குறுகல். கழுத்தின் பக்கவாட்டில் கீழ்நோக்கி வளைந்த ஒரு சிறு குழாய். குழாயில் சொட்டும் வரை நீர் நிரப்பி, சொட்டு நின்றதும் அதன் கீழே தராசுத் தட்டை வைப்பார். பிறகு உலோகத்தை மெதுவாக உள்ளே இறக்குவார். அது எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு நீர் குழாய் வழியே தட்டில் விழும். அதை நிறுத்தால் போதும். வாய் அகன்ற பாத்திரமாக இருந்தால் சிறிய கல்லைப் போட்டாலும் நீர்மட்டம் உயர்வது தெரியாது. கழுத்தைக் குறுக்கியதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது.

பலமுறை உருக்கிச் சுத்தப்படுத்திய 100 மித்கால் தங்கத்தை இறக்கியபோது ஐந்தே கால் மித்கால் நீர் வெளியேறியது. நூறை ஐந்தே காலால் வகுத்தால் 19.05. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் ஒப்படர்த்தி என்று படிப்பது இதைத்தான். தங்கத்துக்கு இன்றைய கணக்கு 19.3. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கைத்தராசை வைத்துக்கொண்டு நூற்றுக்கு ஒன்றரை கூடத் தவறவில்லை! ஈயத்துக்கு அவர் கண்ட அளவோ இன்றைய 11.3-ஐ ஒட்டியே நிற்கிறது.

இதன் பயனைக் கடைத்தெருவில் வைத்துப் பாருங்கள். அதே எடையுள்ள செம்பு சுமார் பதினொன்றே கால் மித்கால் நீரை வெளியேற்றும். தங்கம் என்று விற்கப்படும் 100 மித்கால் கட்டி 6 மித்கால் நீரைத் தள்ளினால், அதில் எட்டில் ஒரு பங்கு செம்பு என்று கணக்குச் சொல்லிவிடும். வெள்ளியும் செம்பும் சேர்ந்து கலந்திருந்தால் இந்த ஒரு கணக்கு மட்டும் போதாது என்பது உண்மைதான். ஆனாலும் கலப்படம் இருக்கிறது என்பது வெளியே வந்துவிடும். 20 மித்கால் தங்கத்துக்கு ஜகாத் கணக்குப் பார்க்கும் சமுதாயத்தில், அளவை நிறுவையில் மோசடி செய்வோரைக் குர்ஆன் ஒரு தனி அத்தியாயத்திலேயே எச்சரிக்கும் மார்க்கத்தில், இது வெறும் ஆய்வுக்கூட வேடிக்கை அல்ல.

ரத்தினங்களில் இது இன்னும் உதவியது. யாகூத் எனப்படும் மாணிக்கமும் லஃல் என்ற கல்லும் பார்வைக்கு ஒரே சிவப்பு. விலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தண்ணீரில் இறக்கினால், மாணிக்கம் நீரைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கனம், மற்றது மூன்றரை மடங்கைச் சற்றே தாண்டும். கண் ஏமாந்தாலும் தராசு ஏமாறாது.

1017-இல் கஸ்னி சுல்தான் மஹ்மூத் குவாரிஸ்மைக் கைப்பற்றியபோது பிரூனியும் கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார். மறு ஆண்டு, காபூலுக்கு அருகே, கருவி எதுவும் கையில் இல்லாத நிலையில், கணக்குப் போடும் பலகையில் கோடு கிழித்து அதையே வானை அளக்கும் கருவியாக்கிக்கொண்டார். இந்தியாவுக்கு வந்து சமஸ்கிருதம் கற்றது, நந்தனா கோட்டை மலையிலிருந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டது எல்லாம் பலரும் அறிந்தவை. சுல்தான் மஸ்ஊதுக்கு எழுதிய வானியல் நூலுக்காக யானைச் சுமை வெள்ளி அனுப்பப்பட்டதாகவும், அவர் அதைத் திருப்பி அனுப்பியதாகவும் சொல்வார்கள்.

முதுமையில் ரத்தினங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். மரகதத்தைக் கண்டால் பாம்புக்குக் கண் தெறித்துவிடும் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். நூல்களிலும் அப்படியே எழுதியிருந்தது. பிரூனி பாம்பின் கழுத்தில் மரகத மாலையைச் சுற்றினார், கூண்டில் மரகதத்தைப் பரப்பினார், வெயிலிலும் குளிரிலுமாக ஒன்பது மாதங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார். பாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பார்வை கூர்மையானாலும் ஆகியிருக்கலாம் என்று கேலியாகக் குறித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

ஹிஜ்ரி 440 வாக்கில் கஸ்னியில் அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது பார்க்க வந்த ஒரு ஃபிக்ஹ் அறிஞரிடம், முன்பு பேசிய வாரிசுரிமைக் கணக்கு ஒன்றைத் தெளிவுபடுத்தக் கேட்டாராம். இந்த நிலையிலா என்று அவர் தயங்க, அறியாமல் போவதைவிட அறிந்து போவது மேல் என்று பிரூனி சொல்லியிருக்கிறார். விளக்கிச் சொல்லிவிட்டு அந்த அறிஞர் தெருவில் இறங்குவதற்குள் வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டதாக வரலாற்றாசிரியர் யாகூத் பதிவு செய்திருக்கிறார்.

அவருடைய அளவுகள் அவரோடு போய்விடவில்லை. மர்வ் நகரில் அடிமையாக வளர்ந்து விடுதலை பெற்ற அப்துர் ரஹ்மான் அல்காஸினி, ஹிஜ்ரி 515-இல் எழுதிய மீஸானுல் ஹிக்மா என்ற நூலில் பிரூனியின் கருவியையும் அட்டவணைகளையும் எடுத்தாண்டார். அந்த நூலில் அவர் விவரிக்கும் ஐந்து தட்டுள்ள நீர்த்தராசு, நாணயத்தின் கலப்படத்தையும் கல்லின் போலியையும் கண்டுபிடிப்பதற்காக சுல்தான் சஞ்சரின் கருவூலத்துக்கென்றே செய்யப்பட்டது.