ஸலீம் அலியும் கோடிக்கரைப் பட்சிகளும்

புரட்டாசி கழிந்து வாடைக் காற்று திரும்பும் நாட்களில், செஞ்சியை அடுத்த தொண்டூர் முதலிய கிராமங்களின் ஏரிக்கரைகளிலே, வாலை ஓயாது ஆட்டிக்கொண்டு ஓடும் சிறு பட்சிகளை நம்மவர் கண்டிருப்பர். வாலாட்டிக் குருவி என்று பெயரிட்டதோடு நாம் நின்றுவிட்டோம். அது எத்தேசத்திலிருந்து வந்தது, பங்குனியில் எங்கே மறைகிறது என்று கேட்டு, விடை காண்பதற்குத் தம் முதுமையையும் செலவிட்டவர் ஜனாப் ஸலீம் அலி.

இவர் 1896-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். மூன்று வயதுக்குள் தாய் தந்தையர் இருவரையும் இழந்து, மாமன் அமீருத்தீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸுக்குத் தலைமை வகித்த பத்ருத்தீன் தயாப்ஜியும், முதிர்ந்த வயதில் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்த அப்பாஸ் தயாப்ஜியும் இக்குடும்பத்தினரே. சிறு பிராயத்தில் தாம் சுட்டு வீழ்த்திய மஞ்சள் கழுத்துச் சிட்டு ஒன்றின் பெயரை அறிய விரும்பி, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் காரியதரிசி மில்லார்டு துரையிடம் அதை எடுத்துச் சென்றார். அன்று தொடங்கிய தொடர்பு ஆயுள்வரை நீடித்தது.

பின்னர் பெர்லின் சென்று ஸ்ட்ரேஸ்மன் என்ற பேராசிரியரிடம் பயின்றார். வடகடலிலுள்ள ஹெலிகோலாந்து தீவில், வலசைப் பட்சிகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடும் முறையை நேரில் கண்டார். 1930-ல் தாயகம் திரும்பியபோது, பம்பாய்ப் பொருட்காட்சிசாலையில் அவர் வகித்த உத்தியோகம் பணமின்மையால் எடுபட்டிருந்தது. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் தங்கித் தூக்கணாங்குருவியின் குடித்தனத்தை ஆராய்ந்தார். தேசமே சிறை நிரப்பிய அவ்வாண்டில் குருவிக்கூட்டைப் பார்த்திருப்பதா என்று அன்பர் சிலர் கேட்கலாம். நம் நாட்டுப் பட்சிகளைப் பற்றிய சாஸ்திரம் அதுவரை பெரும்பாலும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் கையிலேயே இருந்தது என்பதை அவர்கள் நினைவிற் கொள்வாராக.

1957-ல் மைசூர் ராஜ்யத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தன. மனிதரையும் கொடிய ஜுரம் பற்றியது. அந்நோய்க் கிருமி ருஷ்யாவில் காணப்பட்ட ஒன்றை ஒத்திருந்ததால், வலசைப் பட்சிகளின் மேல் ஒட்டி வரும் உண்ணிகளே அதைக் கொணர்ந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. பல காலம் பணமின்றித் தவித்த ஸலீம் அலிக்கு இதனால் வழி பிறந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் உதவ முன்வந்தது. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய வலைகளும், பீகாரிலிருந்து பரம்பரைப் பறவை பிடிப்போரும் வந்து சேர்ந்தனர்.

தென்னாட்டில் இவ்வேலைக்கு வாய்த்த இடம் கோடிக்கரை. 1930-ல் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் உப்பெடுத்துக் கைதான வேதாரண்யத்தின் பக்கத்திலேயே உள்ளது அது. வடக்கேயிருந்து வரும் சிறு பாடும் பட்சிகள் அங்குள்ள காட்டில் இறங்கி இளைப்பாறும். விடியுமுன் வலை கட்டி, அகப்பட்டதைச் சிறகு முறியாமல் விடுவித்து, அளந்து, நிறுத்து, எண்ணிட்ட அலுமினிய வளையத்தைக் காலில் பூட்டிப் பறக்க விடுவர். அவ்விடம் 1967-ல் சரணாலயமாயிற்று.

ஆனால் இம்முயற்சிக்கு அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் துறையின் பணமும் வந்தது. பட்சிகளைக் கொண்டு நோய் பரப்பும் யுத்த முறைக்கு இது ஒத்திகையோ என்று 1970-களில் பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் கேட்கப்பட்டது. கேள்வி நியாயமானதே, அந்நிய ராணுவத்தின் பணத்தைக் கேட்பாரின்றிப் பெறலாகாது. அதில் ஸலீம் அலி இன்னும் எச்சரிக்கையாய் இருந்திருக்கலாம் என்பதே நம் கருத்து. எனினும் அத்தகைய சூழ்ச்சி எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. தேசத்தைக் காட்டிக் கொடுத்தவர் என்ற பழி அவர்மேல் நிற்கவுமில்லை. 1976-ல் ராஜாங்கம் அவருக்குப் பத்மவிபூஷண் அளித்தது. 1987 ஜூன் 20-ந் தேதி, தொண்ணூறு வயதில், அவர் காலமானார்.

வளையமிட்ட பட்சிகளுள் பற்பல திரும்பக் காணப்படுவதேயில்லை. எங்கோ ஒரு குடியானவனோ வேடனோ வளையத்தைக் கண்டு, எண்ணை எழுதியனுப்பினால்தான் உழைப்புப் பலிக்கும். பரத்பூரில் பூட்டிய வளையங்களைப் பற்றிச் சைபீரியாவிலிருந்து அவ்வாறு செய்தி வந்தது. தொண்டூர் ஏரிக்கரையில் செத்துக் கிடக்கும் குருவியின் காலிலும் ஒரு வளையம் இருக்கலாம். அதில் எண்ணோடு பம்பாய்ச் சங்கத்தின் பெயரும் பொறித்திருக்கும்.