ஸ்வீடனுக்குப் பீரங்கி வார்த்துக் கொடுத்த வெளிநாட்டுக்காரர்: யார் இந்த லூயி டி கீர்?

ஸ்வீடன்னு சொன்னதும் நோபல் பரிசும் வால்வோ காரும்தான் ஞாபகத்துக்கு வரும். 400 வருஷத்துக்கு முன்பு கதையே வேற. மண்ணில் இரும்பு இருந்தது, கரி சுட காடு இருந்தது. பணமும் கைத்தொழில் தெரிந்த ஆட்களும்தான் இல்லை. அதைக் கொண்டுவந்தவர் லூயி டி கீர்.

1587-ல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லியேஜ் நகரில் பிறந்தார். குடும்பம் புராட்டஸ்டன்ட், ஊரை ஆண்டதோ கத்தோலிக்க பிஷப். அதனால் ஊரை விட்டுக் கிளம்பி நெதர்லாந்தில் குடியேறினார்கள். ஆம்ஸ்டர்டாமில் லூயி ஆயுத வியாபாரி ஆனார். 1618-ல் முப்பதாண்டுப் போர் வெடித்தது. வியாபாரம் எப்படிப் போயிருக்கும்னு சொல்லவே வேண்டாம்.

ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடோல்ஃபுக்குப் பீரங்கியும் தேவை, கடனும் தேவை. இரண்டையும் லூயி கொடுத்தார். ஃபின்ஸ்போங் இரும்பாலையைக் குத்தகைக்கு எடுத்தவர், 1627-ல் ஸ்வீடனுக்கே குடிபெயர்ந்தார். தன் சொந்த ஊர்ப் பக்கத்து வாலூன் கொல்லர்களையும் கரிமூட்டம் போடுகிறவர்களையும் வரவழைத்தார். அவர்களுடைய இரும்பு காய்ச்சும் முறை ஸ்வீடனில் பல தலைமுறைகள் நீடித்தது. அவர்கள் குடும்பப் பெயர்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

1641-ல் லூயிக்குப் பிரபு அந்தஸ்து கிடைத்தது. 1644-ல் டென்மார்க்குடன் போர். அப்போது அவர் செய்தது இன்னும் பெரிய வேலை. நெதர்லாந்தில் சுமார் 30 கப்பல்களை மாலுமிகளோடு வாடகைக்குப் பிடித்து ஸ்வீடனுக்காக அனுப்பினார். அந்தக் கப்பல்களும் சேர்ந்துதான் அக்டோபரில் ஃபெமார்ன் கடற்போரில் டென்மார்க் கடற்படையைத் தோற்கடித்தன. ஒரு வியாபாரி, ஒரு நாட்டுக்குக் கடற்படையையே ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறார்!

ஸ்வீடன் தொழில்துறையின் தந்தை என்று இவரைக் கொண்டாடும்போது, பலரும் வேகமாகக் கடந்து போகும் ஒரு பக்கம் உண்டு. 1649-ல் ஸ்வீடிஷ் ஆப்பிரிக்க கம்பெனி தொடங்கியதன் பின்னால் இருந்தவர் இவர்தான். இன்றைய கானா கடற்கரையில் தளம் போட்ட அந்தக் கம்பெனி, தங்கம், தந்தத்தோடு மனிதர்களையும் விற்றது. மத ஒடுக்குமுறையால் ஊரை இழந்த வீட்டுப் பிள்ளை, அடுத்தவர்களை அடிமைகளாக விற்கும் தொழிலில் முதல் போட்டார். இரண்டும் ஒரே ஆளின் கதைதான்.

1652-ல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். குடும்பம் ஸ்வீடனில் வேரூன்றியது. பூச்சியியல் அறிஞர் சார்லஸ் டி கீர் இந்த வம்சம்தான். இன்னொரு வாரிசான லூயி கெர்ஹார்ட் டி கீர், பிரபுக்களுக்கென்றே தனி அவை இருந்த பழைய நாடாளுமன்ற முறையை 1866-ல் மாற்றிய சீர்திருத்தத்தை முன்னின்று நடத்தினார். 1876-ல் ஸ்வீடனின் முதல் பிரதமரும் அவரே.