கட்டறுத்த கால்கள்!

பிஞ்சுக் கால்விரல்களை மடக்கித் துணியால் இறுக்குவார்கள். எலும்பு முறியும்; சிறுமி துடிப்பாள். ஏன் இந்தக் கொடுமை என்றால், பாதம் சிறுத்தால்தான் நல்ல இடத்தில் மணம் கூடும் என்பார்கள். பழமை சீனத்துப் பெண்ணுக்குத் தந்த பரிசு அது! அந்தக் கட்டை அறுத்தெறிந்தவர், ஏடு நடத்தியவர், கொள்கைக்காகத் தலை தந்தவர், சியூ ஜின்.

1875இல் அரசு அலுவலர் குடும்பத்தில் பிறந்தார். கவிதை கற்றார், வாள் வீச்சும் பயின்றார். ஆயினும் பெற்றோர் பார்த்த செல்வர் வீட்டுப் பிள்ளைக்கே 1896இல் வாழ்க்கைப்பட்டார். இரு குழந்தைகள். மாளிகை இருந்தது; மதிப்பு இல்லை. 1904இல் நகைகளை விற்றார், ஜப்பான் சென்றார். எதற்கு? படிப்பதற்கு! அங்கே, சன் யாட்-சென் தலைமையில் 1905இல் எழுந்த புரட்சிச் சங்கத்தில் சேர்ந்தார்.

தாயகம் திரும்பி, 1907 சனவரியில் ஷாங்காய் நகரில் 'சீனப் பெண்கள் இதழ்' தொடங்கினார். பண்டிதருக்கு மட்டும் விளங்கும் நடையை விட்டு, பாமரப் பெண்ணுக்கும் புரியும் பேச்சு மொழியில் எழுதினார். கால்கட்டை அவிழ்த்திடுக, கல்வி பெறுக, சொந்தக் காலில் நிற்கச் சம்பாதித்திடுக என்று அறிவுறுத்தினார். பணமில்லை, இரண்டே இதழோடு ஏடு நின்றது.

ஏடு நின்றது, அவர் நிற்கவில்லை! ஷாவோசிங் நகரில் பள்ளித் தலைவியானார். பாடத்தோடு படைப்பயிற்சியும் நடந்தது. மஞ்சு மன்னராட்சியை வீழ்த்த மறைவில் திட்டம் உருவாயிற்று. 1907 சூலை 6 அன்று தோழர் சூ சீலின், ஆன்ஹுய் மாநில ஆளுநரைச் சுட்டுக் கொன்றார். திட்டம் வெளிப்பட்டது. படை வருகிறது என்ற செய்தி எட்டியும் சியூ ஜின் தப்பி ஓடவில்லை. மாணவரை அனுப்பிவிட்டுத் தாம் நின்றார். பிடித்தார்கள், வதைத்தார்கள். தோழர்களைக் காட்டிக் கொடுத்தாரில்லை. சூலை 15, விடியற்காலை, நடுத்தெருவில் தலையை வெட்டினார்கள். வயது முப்பத்திரண்டுகூட நிரம்பவில்லை!

தோழியர் இருவர் துணிந்து, ஹாங்சோ நகரின் மேற்கேரிக் கரையில் 1908இல் அடக்கம் செய்தனர். கல்லறையையும் கண்டு நடுங்கிய அரசு, அதை இடிக்க ஆணையிட்டது!

1911இல் புரட்சி வெடித்தது. 1912இல் அரியணை சரிந்தது. சியூ ஜின் மீண்டும் அதே ஏரிக்கரையில் துயில் கொண்டார். இன்று அங்கே சிலையாக நிற்கிறார். இரண்டு இதழ்தானே என்று எள்ளியோர் இருந்திருப்பர். தோழர்களே, அந்த எள்ளலும் இல்லை, அரியணையும் இல்லை. கட்டறுத்த அந்தக் கால்கள் மட்டும் இன்னமும் நிமிர்ந்து நிற்கின்றன!